எழுதுகோல் உயர்த்தப்பட்டவர்கள்



உறங்குபவர், பருவமடையாச் சிறுவர், புத்தி சுவாதீனம் இழந்தவர் ஆகிய மூவர் மீதும் குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்த சட்டமாகும். அல்லாஹ்வே கணக்குக் கேட்காத ஓர் அடியானின் காலில் விலங்கு பூட்ட நமக்கு ஏது உரிமை?

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்தோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். இத்தகைய இடங்களில் நோயாளிகளைக் கொண்டுபோய் விடுவோர் பெரும்பாலும் பெற்றோரும் உடன்பிறந்தோருமே. அவர்களை அன்பில்லாதவர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். கையில் காசில்லை, போக்கிடம் தெரியவில்லை, வெளியே தெரிந்தால் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வராதே என்ற அச்சம் வேறு!

ஓதிப் பார்ப்பதையும் துஆச் செய்வதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால், மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று வினவிய கிராமத்து அரபிகளுக்கு, செய்துகொள்ளுமாறே நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆகவே, மாத்திரை உண்பது தவக்குலுக்கு மாற்றமானதன்று. காய்ச்சலுக்கு உடனே டாக்டரிடம் ஓடும் நாம், மனம் நோயுற்றால் மட்டும் ஜின்னின் மீது பழிபோட்டு வருஷக்கணக்கில் காலங்கடத்துவது முறையா?

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-ல் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. வக்ஃபு வருமானம் அதன் செலவைத் தாங்கியது.

இன்று, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடுத்துள்ளது. அரசின் சிகிச்சையை அவரது உரிமையாக்கியுள்ளது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம்.

பிறகு குறை எங்கே? பஸ் சார்ஜுக்குப் பணமில்லை. துணைக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்தினாலோ, நோய் திரும்பக்கூடும். இந்தச் சிறு பள்ளத்தில்தான் ஏழைகள் விழுகிறார்கள். அதை நிரப்புவது மஹல்லா ஜமாஅத்தின் பொறுப்பன்றோ? ஏழை நோயாளிக்கு ஜகாத்தில் பங்குண்டு. மாதம் ஒரு நாள் துணை செல்ல இரண்டு வாலிபர்களும், பெண்களுக்கு ஒரு பெண்மணியும் முன்வந்தால் போதும். ஆனால், நோயாளியின் பெயர் அமானிதம். அது பள்ளித் திண்ணையில் பேச்சாகிவிடக் கூடாது.

உங்கள் தெருவில் பூட்டிய அறை ஏதும் உண்டா? இந்த ஜும்ஆவுக்குள் விசாரியுங்கள். வல்ல நாயன் நோயுற்றோருக்கு ஷிபாவையும், நமக்கு அவர்களின் ஹக்கைப் பேணும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.