வாலிபாலுக்கு ஏது மதம்?

வாலிபால் கிறித்தவ விளையாட்டு, என் பிள்ளையை அதில் சேர்க்காதீர்கள் என்று ஒரு பெற்றோர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றால் என்ன செய்வோம்? சிரிப்பை அடக்கிக்கொண்டு அனுப்பிவைப்போம். ஆனால் அவர் கையில் ஆதாரம் இருக்கிறது. 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்தில் வாலிபாலை உண்டாக்கிய வில்லியம் மோர்கன், ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநர். அதற்கு நான்கு வருஷம் முன்னால், பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில், பீச் பழக்கூடையை உயரத்தில் ஆணியடித்து மாட்டிக் கூடைப்பந்தைத் தொடங்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். அவர் வேலை பார்த்ததும் அதே சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில்தான். கிறித்தவ இளைஞர் சங்கம் என்று பெயரிலேயே இருக்கிறது. உடம்பின் வழியாக ஆன்மாவைப் பிடிப்பதுதான் நோக்கம் என்பதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. அந்தச் சங்கம் 1893இல் ரியோ டி ஜெனீரோவுக்குப் போய்விட்டது. சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் அதே சங்கத்தின் பெயரில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். நம்மூர் பி.டி. வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாக விசில் ஊதக் கற்றது அங்கேதான்.

இதனால் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? ஒன்றுமில்லை. பந்து வலையைத் தாண்டும்போது அதன் மேல் எந்தச் சாமியும் உட்கார்ந்து பயணம் செய்வதில்லை. இது எல்லோருக்கும் தெரிகிறது. பிரேசிலில் மட்டும், கறுப்பர்கள் கொண்டுவந்த விளையாட்டு என்றதும் பலருக்கு இது மறந்துபோகிறது.

அதிபர் லூலா முதல்முறை பதவியேற்ற ஒன்பதாம் நாள், 2003 ஜனவரி 9 அன்று, 10.639ஆம் எண் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆப்பிரிக்க வரலாறும் ஆப்பிரிக்க-பிரேசிலியப் பண்பாடும் பள்ளிகளில் கட்டாயம் என்றது சட்டம். 2008இல் 11.645ஆம் சட்டம் பழங்குடிகளையும் சேர்த்தது. 2017இல் வந்த தேசியப் பொதுப் பாடத்திட்டம், மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உடற்கல்வியில் பழங்குடி, ஆப்பிரிக்க மரபு விளையாட்டுகளும் நடனங்களும் மல்யுத்தம் போன்ற ஆட்டங்களும் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்தது. 2022 கணக்கெடுப்பில் கலப்பினத்தவர் என்று சொல்லிக்கொண்டவர்கள் 45 சதவீதம், கறுப்பர் என்று சொல்லிக்கொண்டவர்கள் 10 சதவீதம். பாதிக்கு மேற்பட்ட நாட்டின் பாட்டன் பூட்டன் விளையாடியதைப் பள்ளியில் சொல்லித்தரத் தனியாக ஒரு சட்டம் தேவைப்பட்டது.

சட்டம் வந்த பிறகு பெற்றோர் வந்தார்கள். அதே 2022 கணக்கில் நான்கில் ஒருவருக்கும் மேல் சுவிசேஷ சபைகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் பலருக்கு, கறுப்பர்களின் சண்டையாட்டமான கப்போய்ரா என்றால் மக்கும்பா. அதாவது பேய் பிசாசு சமாசாரம். கந்தொம்ப்ளே போன்ற ஆப்பிரிக்க வழிபாடுகளைத் தூற்ற அந்த நாட்டில் கைவசம் உள்ள சொல் அது. கப்போய்ராப் பாட்டுகளில் ஒரிஷா தெய்வங்களின் பெயர் வருகிறதே என்பது வாதம். வருகிறது. கத்தோலிக்கப் புனிதர்களின் பெயரும் வருகிறது. கால்பந்து வீரன் கோல் அடித்துவிட்டு வானத்தை நோக்கி இரண்டு விரலைக் காட்டும்போது, கால்பந்து ஜெபக் கூட்டமாகிவிட்டது என்று எந்தப் பெற்றோரும் மைதானத்தை விட்டு எழுந்து போனதில்லை.

இந்தப் பயம் சபைகளோடு பிறந்ததும் அல்ல. 1888 மே 13 அன்று பிரேசில் அடிமைமுறையை ஒழித்தது. இரண்டரை வருஷம்கூட ஆகவில்லை. 1890 அக்டோபரில் வந்த தண்டனைச் சட்டம், 402ஆம் பிரிவில், தெருவில் கப்போய்ரா ஆடினால் இரண்டு முதல் ஆறு மாதச் சிறை என்றது. கூட்டத் தலைவனாக இருந்தால் இரட்டிப்பு. ரியோவின் போலீஸ் தலைவர் சாம்பாயோ ஃபெராஸ், பிடிபட்டவர்களைக் கப்பலேற்றி ஃபெர்னாண்டோ தெ நொரோன்யா தீவுக்கு அனுப்பினார். விலங்கை அவிழ்த்த கை உடனே காலைக் கட்டியது.

அதிலிருந்து வெளியே வந்த வழிதான் வேடிக்கை. சால்வதோர் நகரத்தில் மெஸ்த்ரே பிம்பா என்ற ஆசான், 1932இல் பயிற்சிக்கூடம் தொடங்கியபோது கப்போய்ரா என்ற பெயரையே சொல்லவில்லை. பாயியா வட்டாரச் சண்டைக்கலை என்றார். 1937இல் அரசாங்கம் அதை உடற்கல்விக் கூடமாகப் பதிவு செய்துகொண்டது. சிறைக்குரிய குற்றம் சட்டத்தின் வாசலுக்குள் நுழைந்ததே உடற்கல்வி என்ற சீட்டைக் காட்டித்தான். 1953இல் அதிபர் வர்காஸ் அதை உண்மையான தேசிய விளையாட்டு என்று புகழ்ந்தார். பிம்பா 1974இல் கோயானியாவில் வறுமையில் செத்தார். 2014இல் யுனெஸ்கோ கப்போய்ராவுக்கு மாலை போட்டது. இதற்கு நடுவே, 1998இல் உடற்கல்வித் தொழிலை ஒழுங்குபடுத்த வந்த சட்டத்தைக் காட்டி, பட்டம் இல்லாத ஆசான்கள் கப்போய்ரா கற்றுத்தரக் கூடாது என்று உடற்கல்வி மன்றம் கிளம்பியது. விஷயம் கோர்ட் வரை போயிற்று. யார் பள்ளிக்கூடத்துக்குள் போக விடப்படவில்லையோ, அவர்களிடமே சர்டிபிகேட் கேட்பது! நமக்குப் பழக்கமான தந்திரம்தான்.

எதிர்ப்பவர்களைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் இல்லை. எனக்கு அதிகமாகக் கோபம் வருவது ஆதரிப்பவர்கள் மேல்.

குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடுங்கள், முன்னோரின் ஆற்றல் உங்கள் உடம்பில் இறங்குவதை உணருங்கள் என்று உருகுகிற ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். அவர் நல்லவர்தான். ஆனால் வாசலில் நின்று பேய் இருக்கிறது என்றவருக்கும், உள்ளே நின்று ஆற்றல் இருக்கிறது என்பவருக்கும் அடிப்படையில் ஒரே நம்பிக்கை. ஆட்டத்துக்குள் ஏதோ ஒன்று குடியிருக்கிறது என்று இருவருமே நினைக்கிறார்கள். அதற்குப் பூசை போடுவதா, விரட்டுவதா என்பதில்தான் தகராறு. பழசு என்பதற்காக ஒன்றைக் கும்பிடுவது எந்தக் கண்டத்துப் பழசாக இருந்தாலும் மூடத்தனம்தான். ஒடுக்கப்பட்டவர்களின் பழசு என்பதால் அதற்குத் தனிச் சலுகை கிடையாது. அவர்களுக்குத் தர வேண்டியது சமமான மரியாதை, கும்பிடு அல்ல.

குடியிருப்பது என்ன என்று பக்கத்தில் போய்ப் பாருங்கள். வளைத்த கம்பு, பழைய டயரிலிருந்து உரித்த கம்பி, அடியில் கட்டிய ஒரு சுரைக்குடுக்கை: பெரிம்பாவு. அதை வாசிப்பவர் மெதுவாகத் தட்டினால் ஆட்டம் தரையோடு தரையாகத் தாழும்; வேகம் கூட்டினால் எழும். வட்டத்துக்குள் இரண்டு பேர். நிற்கவே கூடாது, ஒரு கால் பின்னே போகும்போது அதே பக்கத்துக் கை முகத்துக்கு முன் வரும், மாறி மாறி. அரைவட்டமாக ஒரு உதை வருகிறது. அது தலையில் பட வேண்டியதில்லை. படாமல் போவதுதான் இருவருடைய திறமையும். உதைத்தவன் தூரத்தை அளந்திருக்கிறான், குனிந்தவன் அவன் இடுப்பைப் பார்த்தே உதையை முன்கூட்டிப் படித்துவிட்டான். காதும் கண்ணும் இடுப்பும் ஒரே நேரத்தில் கணக்குப் போடுகின்றன. இதில் வியக்க ஆவி எதற்கு?

இப்போது ஒருவர் கேட்கலாம்: சாமியை எடுத்துவிட்டு ஆடச் சொல்கிறாயே, சுவிசேஷ சபைக்காரர்களும் அதைத்தானே செய்கிறார்கள்? ஆம், பாட்டிலிருந்து ஒரிஷாக்களைத் துரத்திவிட்டு ஏசுவை வைத்து ஆடும் 'கப்போய்ரா காஸ்பல்' பிரேசிலில் இருக்கிறது. நியாயமான கேள்வி. அவர்கள் அழிப்பது யார் செய்தது என்ற பெயரை. நான் கேட்பது பெயரைச் சொல், வரலாற்றைச் சொல், இந்தப் பாட்டில் வருவது இன்ன தெய்வம், அதைக் கும்பிடுகிறவர்கள் இன்னார், அவர்கள் கோயிலை உடைப்பவர்களும் இருக்கிறார்கள் என்று சொல். கும்பிட மட்டும் சொல்லாதே என்பது. கந்தொம்ப்ளே பற்றி அறிந்த பிள்ளை கந்தொம்ப்ளேக்காரன் ஆகிவிடுவான் என்றால், நெப்போலியனைப் படித்த பிள்ளைகளெல்லாம் இந்நேரம் ரஷ்யா மேல் படையெடுத்திருக்க வேண்டும்.

ஆதரவாளர்களின் அடுத்த பாவம் ஏப்ரல் 19. அன்று பழங்குடிகள் நாள். காகிதத்தில் இறகுக் கிரீடம், கன்னத்தில் இரண்டு சிவப்புக் கோடு, கையில் இறகு செருகிய பெத்தேக்கா; உள்ளங்கையால் தட்டி விளையாடுவது. மறுநாள் கிரீடம் குப்பைக்கூடையில். நாட்டில் முந்நூறுக்குக் குறையாத பழங்குடி இனங்கள் இருக்கின்றன. குழந்தைக்குக் கிடைப்பது இனப்பெயரே இல்லாத ஒரு இறகு. நவம்பர் 20, கறுப்பர் விழிப்புணர்வு நாளிலும் இதே கதை. 'ஆப்பிரிக்க விளையாட்டு' என்று ஒன்று உண்டாம்! ஐம்பத்து நான்கு நாடுகள். தரையில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் நிலம் மறுபக்கம் கடல் என்று குதிக்கும் ஆட்டம் மொசாம்பிக்குடையது. பன்னிரண்டு குழிகளில் நாற்பத்தெட்டு விதை போட்டு ஆடும் ஒவாரே கானாவுடையது; பிரேசில் ஆசிரியர்கள் அந்தக் குடும்பத்து ஆட்டங்களை முட்டை அட்டையில் ஆடவைக்கிறார்கள். நம் பல்லாங்குழிக்கு உறவுக்காரன். ஒவாரேயில் ஒரு விதி இருக்கிறது: எதிராளியின் குழிகள் காலியாகிவிட்டால், முடிந்தவரை அவர் பக்கம் விதை போகும்படிதான் நீங்கள் ஆட வேண்டும். எதிரியைப் பட்டினி போட்டு ஜெயிக்க முடியாது. இந்த ஒரு விதியைச் சொல்லி, ஏன் இப்படி வைத்திருப்பார்கள் என்று ஒன்பது வயதுப் பிள்ளையைக் கேட்டால் அரைமணி நேரம் வகுப்பு நடக்கும். 'ஆப்பிரிக்கா நம் தாய்' என்று சுவரில் எழுதி ஒட்டினால் ஒட்டிய பசை காய்வதோடு முடிந்துவிடும்.

மாட்டோ குரோசோ மாநிலத்தின் பரெசி மக்கள் தலையால் மட்டும் ஆடும் பந்தாட்டம் ஒன்று உண்டு. மங்காபா மரத்துப் பாலில் செய்த உள்ளீடற்ற பந்து. கை படக் கூடாது, காலும் படக் கூடாது. பந்து தரைக்கு அருகே வந்தால்? ஆள் குப்புறப் பாய்ந்து, மண்ணை உரசிக்கொண்டு, நெற்றியால் முட்டி அனுப்ப வேண்டும். 1914இல் பிரேசில் ராணுவ அதிகாரி ரோண்டோனோடு அந்தப் பக்கம் போன முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வாய்பிளந்து பார்த்துப் புத்தகத்தில் எழுதினார். அந்த மக்களைத் தந்திக் கம்பி வேலைக்கு இழுத்துப் பயன்படுத்தியதும் அதே ரோண்டோனின் கமிஷன்தான். வாலிபாலில் சர்வீஸ் தப்பினால் வாத்தியார் விசில் ஊதித் திருத்துகிறார். ஏப்ரல் 19இல் எப்படி ஆடினாலும் கைதட்டல். தப்பாக ஆடினாலும் திருத்தத் தோன்றாத விளையாட்டை நாம் விளையாட்டாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். மார்க் போடுங்கள். ஜூனில் வையுங்கள். தோற்கவிடுங்கள்.

தோற்பது என்றதும் ஒரு சிக்கல் வருகிறது. க்ராஹோ, கனேலா, ஷவாந்தே போன்ற இனங்களின் கட்டை ஓட்டம்: இரண்டு அணி, புரிட்டிப் பனையின் அடிமரத்துண்டு, பெரியது நூறு கிலோவை நெருங்கும், ஓடுகிறவன் தோளிலிருந்து அடுத்தவன் தோளுக்கு ஓட்டம் நிற்காமலே மாறும். ஊர் நடுவே வந்து கட்டையைப் போட்டதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். முந்தியவனுக்குக் கோப்பையும் இல்லை, பிந்தியவனுக்குக் கேலியும் இல்லை. ஸ்டாப்வாட்ச்சும் மூன்று படி மேடையுமாகப் பழகிய உடற்கல்விக்கு இதை என்ன செய்வதென்று தெரியாது. மேடை போட்டால் அது கட்டை ஓட்டம் இல்லை. போடாவிட்டால், ஜெயிக்காமல் எதற்கு ஓட வேண்டும் என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் காகிதக் கிரீடத்தில் ஒளிந்துகொள்கிறோம்.

2015 அக்டோபரில் பல்மாஸ் நகரத்தில் முதல் உலகப் பழங்குடி விளையாட்டு விழா நடந்தது. தொகான்ச்சின்ஸ் மாநிலத் தலைநகரம். க்ராஹோ மக்களின் சொந்த மாநிலம். அவர்கள் வரவில்லை. அபினாஜே மக்களும் வரவில்லை. பழங்குடி நிலங்களை வரையறுக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் ஒப்படைக்கும் 215ஆம் திருத்த மசோதாவை எதிர்த்துப் புறக்கணித்தார்கள். விழா நடந்துகொண்டிருந்த வாரத்திலேயே நாடாளுமன்றக் குழு அந்த மசோதாவை நிறைவேற்றியது. போட்டிகளுக்கு நடுவே மைதானத்தில் போராட்டம் வெடித்தது. புரிட்டிப் பனை நீர் தேங்கும் சதுப்பு நிலத்தில் வளர்வது. அந்தச் சதுப்பைச் சுற்றியுள்ள சமவெளியைச் சோயா வயல்கள் தின்றுகொண்டு வருகின்றன. கட்டை வேண்டுமானால் பனை வேண்டும், பனைக்கு நிலம் வேண்டும் என்று க்ராஹோக்கள் ஓடாமல் இருந்து சொன்ன பாடம், அந்த விழாவில் ஓடிய எல்லோரும் சொன்னதைவிடப் பெரியது. ஐந்தாம் வகுப்பில் துணி சுற்றிய பொய்க்கட்டையைத் தோளில் ஏற்றும் ஆசிரியர், நிஜக் கட்டை எங்கிருந்து வரும் என்பதைச் சொல்லாமல் விட்டால் அவர் நடத்தியது வெறும் சுமைதூக்குதல்.

விளையாட்டு மைதானத்தில் அரசியல் வேண்டாமே என்று சிலர் இங்கே இருமுவார்கள். 402ஆம் பிரிவை எழுதியவர்கள் அரசியல் செய்யாமல் என்ன செய்தார்கள்? வேறு சிலர், வாரத்துக்கு இரண்டு பீரியட்தான், அதிலும் கணக்கு வாத்தியார் ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிறார் என்பார்கள். அது உண்மைக் கஷ்டம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கெலெதெஸ், அலானா அமைப்புகள் 1,187 நகராட்சிக் கல்வித் துறைகளிடம் விசாரித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், சட்டம் வந்து இருபது வருஷம் ஆகியும் அதற்காக ஒன்றுமே செய்யாத, அல்லது பேருக்கு ஏதோ செய்த துறைகள் 71 சதவீதம். பீரியட் போதாததால் நடப்பது அல்ல இது. முட்டை அட்டைக்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. வட்டமாக நிற்க மைதானம்கூட வேண்டாம். அந்த 71 சதவீதத்தின் பள்ளிகளிலும் வாலிபால் வலை இந்நேரம் கட்டியிருக்கும்.