திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனை

விண்ணப்பப் படிவங்களைப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. விண்ணப்பிக்கும் வயதைத் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது என்றாலும் விட முடியவில்லை. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறது என்பது அதன் ஆண்டறிக்கையைவிட அதன் படிவத்தில்தான் பச்சையாகத் தெரியும். மனித உரிமை வழக்கறிஞர்களுக்கும் பொதுநல வழக்கறிஞர்களுக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் தரும் பயிற்சி உதவித்தொகைகளைப் பார்த்தால், ஒரு நிபந்தனை அடிக்கடி கண்ணில் படும்: படிப்பு முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும்.

வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் சட்டப் பள்ளி 1993-இல் ஆப்பிரிக்கப் பெண் வழக்கறிஞர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. சுருக்கமாக 'லாவா' என்பார்கள். அங்கே முதுகலைச் சட்டம் படிக்கலாம், மனித உரிமை அமைப்புகளில் வேலை பழகலாம். அதன்பின் சொந்த நாட்டுக்குப் போய்ப் பெண்களின் உரிமைக்காக உழைக்க வேண்டும்.

வெளிநாடு போனவர் திரும்பி வந்தால் "ஏன், அங்க ஒத்துவரலையா?" என்று இரக்கத்தோடு விசாரிக்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இந்த நிபந்தனை விநோதமாகத்தான் இருக்கும். யோசித்துப் பார்த்தால் அதைவிட விநோதமான ஒன்று உள்ளே இருக்கிறது. மருத்துவர் எங்கே படித்தாலும் உடம்பு ஒரே உடம்புதான். பாலம் கட்டுபவருக்கும் அப்படியே, கணக்கு மாறாது. சட்டம் மட்டும் எல்லை தாண்டினால் செல்லாக் காசு. வாஷிங்டனில் படித்த அமெரிக்கச் சட்டத்தைக் கம்பாலா நீதிபதி முன் நீட்டினால் அவர் புன்னகைப்பாரே தவிர, தீர்ப்பு எழுத மாட்டார். ஊரில் செல்லாத ஒன்றைக் கற்க எதற்காக ஒருவரை அவ்வளவு தூரம் அனுப்புகிறார்கள்? அங்கே என்னதான் கிடைக்கிறது?

இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் பதில் ஓர் அமெரிக்கர். அதுவும், அமெரிக்காவிலிருந்து வெளியே போனவர்.

சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் 1895-இல் வாஷிங்டனில் பிறந்த கறுப்பினத்தவர். முதல் உலகப் போரில் பிரான்சில் ராணுவ அதிகாரியாக இருந்தபோது எதிரியைவிடத் தன் நாட்டு வெள்ளைப் படையினரிடம் அதிகம் அவமதிக்கப்பட்டார். உயிரோடு திரும்பினால் சட்டம் படிப்பது என்று முடிவெடுத்து ஹார்வர்டுக்குப் போனார். அங்கே சட்ட முனைவர் பட்டம் பெற்ற பிறகு ஷெல்டன் பயண உதவித்தொகை கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு 1923-இல் அவர் போன இடம் மாட்ரிட் பல்கலைக்கழகம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1923 செப்டம்பரில் ஸ்பெயினில் ராணுவப் புரட்சி. ஜெனரல் பிரிமோ டி ரிவேரா ஆட்சியைப் பிடித்து, அரசியல் சாசனத்தை முடக்கி, நாடாளுமன்றத்தைக் கலைத்திருந்தார். மனித உரிமை படிக்க யாராவது போகும் இடமா அது? ஆனால் வாஷிங்டனில் பள்ளிக்கும் உணவகத்துக்கும் திரையரங்குக்கும் நிறம் பார்த்துத் தனி வாசல் வைத்திருந்த ஏற்பாடு மாட்ரிட்டில் இல்லை. சர்வாதிகாரத்தின் கீழ் இருந்த ஊரில், சாசனம் மணக்கும் ஊரிலிருந்து வந்த ஒருவர், எந்த மேசையிலும் உட்கார்ந்து காபி குடித்திருப்பார். அந்தக் காபிக் கோப்பையில் என்ன பாடம் இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. கற்பிக்கும் நாடு உத்தமமான நாடாக இருக்க வேண்டியதில்லை. வேறு மாதிரியான நாடாக இருந்தால் போதும். பிறந்ததிலிருந்து காற்றைப்போல் சூழ்ந்திருந்த ஒன்று, யாரோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய விதி என்று தெரிய வேண்டும். எழுதியதை அழிக்கவும் முடியும் என்ற துணிச்சல் அதற்குப் பிறகுதான் வருகிறது.

1924-இல் ஹூஸ்டன் திரும்பினார். கறுப்பின மாணவர்கள் படித்த ஹோவர்டு சட்டப் பள்ளியில் ஆசிரியரானார். மாலை நேரப் பள்ளியாக இருந்ததை முழுநேரப் பள்ளியாக மாற்றினார். மாணவர்களைச் சிறைச்சாலைக்கும் நீதிமன்றத்துக்கும் கூட்டிப்போய்க் காட்டினார். 1934-இல் ஒரு திரைப்படக் கருவியைத் தூக்கிக்கொண்டு தென் கரோலினாவின் கிராமப் பள்ளிகளைப் படம் பிடித்தார். 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற சட்டச் சொற்றொடருக்குக் கீழே ஓட்டைக் கூரை எப்படி இருக்கிறது என்று காட்டுவதற்காக. அவரிடம் படித்து 1933-இல் வெளிவந்த மாணவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். மார்ஷல் 1940-இல் கறுப்பின மக்களுக்கான சட்டப் பாதுகாப்பு நிதியத்தைத் தொடங்கினார். 1954 மே 17 அன்று, பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஹூஸ்டன் அதைக் கேட்கவில்லை. 1950-இலேயே இறந்துவிட்டார்.

பயிற்சி உதவித்தொகைகளின் பலனை இரண்டு ஆண்டுகளில் அளந்து அறிக்கை தரச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். மாட்ரிட்டிலிருந்து 1954 வரை முப்பது ஆண்டுகள்.

போட்ஸ்வானா வழக்கறிஞர் யூனிட்டி டவ்வின் கதை வேறு விதம். அவர் தம் சட்டப் படிப்பின் இரண்டு ஆண்டுகளை எடின்பரோவில் படித்தார். ஓர் அமெரிக்கரை மணந்தார். திருமணத்துக்கு முன் பிறந்த மூத்த குழந்தை போட்ஸ்வானாவின் குடிமகள்; திருமணத்துக்குப் பின் அதே மண்ணில் பிறந்த இரண்டு குழந்தைகளும் அந்நியர்கள். அன்றைய குடியுரிமைச் சட்டப்படி மணமான தாயின் குடியுரிமை பிள்ளைக்கு இறங்காது, தகப்பனுடையதுதான் இறங்கும். தாலி கட்டியதற்குத் தண்டனை என்று நம் ஊரில் சொல்லியிருப்பார்கள். டவ் அரசின் மீதே வழக்குப் போட்டார். பாகுபாட்டைத் தடுக்கும் சாசனப் பிரிவின் பட்டியலில் 'பால்' என்ற சொல் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது, எங்கள் சமூகத்தின் வழக்கம் அப்படி என்று அரசுத் தரப்பு வாதாடியது. 1991-இல் உயர் நீதிமன்றமும் 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. 'வழக்கம்' என்ற பெயரில் யார் பேசுகிறார், யார் வாயடைக்கப்படுகிறார் என்பது ஊருக்குள்ளேயே இருந்தால் எளிதில் கண்ணில் படாது. சற்றுத் தள்ளி நின்றால் படும்.

ஆனால் தள்ளி நின்று பார்த்ததை அப்படியே பெயர்த்து வந்து நட முடியாது. தென்னாப்பிரிக்காவில் இதைக் கண்டுகொண்டவர் ஆர்தர் சாஸ்கல்சன். 1963-64 ரிவோனியா வழக்கில் மண்டேலாவுக்காக வாதாடிய குழுவில் இருந்தவர். நல்ல வருமானம் தந்த வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு, ஃபெலிசியா கென்ட்ரிட்ஜ் போன்ற நண்பர்களோடு சேர்ந்து 1979-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் சட்ட வள மையத்தைத் தொடங்கினார். முன்மாதிரி, மார்ஷல் தொடங்கிய அதே நிதியம். ஹூஸ்டனின் கோடு கடல் தாண்டி இங்கே வந்து சேர்கிறது.

அமெரிக்க நண்பர்களிடம் ஒரு சாசனம் இருந்தது. சமத்துவம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். நிறவெறி ஆட்சியின் தென்னாப்பிரிக்காவில் உரிமைப் பட்டயமே கிடையாது. நாடாளுமன்றம் வைத்ததே சட்டம். எனவே மையத்தின் வழக்கறிஞர்கள் பெரிய தத்துவங்களைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒடுக்கும் சட்டத்தையே வரிவரியாகப் படித்தார்கள். கறுப்பினத்தவர் நகரில் தங்க அனுமதி வேண்டும். ஒரே முதலாளியிடம் தொடர்ந்து பத்தாண்டு வேலை பார்த்தவருக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை உண்டு என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. ஜெர்மிஸ்டனில் இயந்திரம் இயக்கிய ரிகோட்டோ என்ற தொழிலாளி பத்தாண்டு முடித்துவிட்டுக் கேட்டார். ஆண்டுதோறும் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய் வந்தாயே, தொடர்ச்சி அறுந்துவிட்டது என்றார்கள் அதிகாரிகள். ஊருக்குப் போய்ப் புதுப்பித்துவரக் கட்டாயப்படுத்தியதும் அவர்கள் விதிதான்! 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரிகோட்டோ பக்கம் தீர்ப்பளித்தது. ஒடுக்குமுறையின் கையெழுத்தைக் கொண்டே ஒடுக்குமுறையை மடக்கிய வழக்கு அது. இந்த வித்தையை எந்த வெளிநாட்டு வகுப்பிலும் சொல்லித் தந்திருக்க முடியாது.

பின்னாளில் சாஸ்கல்சன் புதிய தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குத் தலைவரானார். 1995-இல் மரண தண்டனையை ஒழித்த தீர்ப்பில், அதை 'அரிதினும் அரிதான' வழக்குகளுக்கு என்று தக்கவைத்த நம் உச்ச நீதிமன்றத்தின் 1980-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் எடுத்துப் படித்தார். உங்கள் சாசனத்தின் வாசகம் வேறு, எங்களுடையது வேறு என்று சொல்லித் தம் வழியே போனார். வெளியிலிருந்து கற்பது என்றால் இப்படித்தான் கற்க வேண்டும். அவர் வேறு வழியில் போனதில் எனக்கு மகிழ்ச்சி என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சட்ட வள மையம் தொடங்கிய அதே 1979-இல் டெல்லியில் கபிலா ஹிங்கோரானி, பிகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களுக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கையில் இருந்தது பத்திரிகைச் செய்தி. இந்தியாவில் பொதுநல வழக்கின் தாய் என்று அவரைச் சொல்கிறார்கள். அவர் சட்டம் படித்தது வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில்.

இவ்வளவும் சொன்னபின், இந்தப் பயிற்சிகளின் மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. போனவர்கள் திரும்பி வருகிறார்கள். சிலருக்கு நாக்கு மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது. "எங்க நிலத்த எடுத்துக்கிட்டாங்கய்யா" என்று ஒரு கிழவி சொன்னது, அவர்கள் அறிக்கையில் 'வளங்களுக்கான அணுகல் மறுப்பு' ஆகிவிடும். அவள் 'பயனாளி' ஆகிவிடுவாள். நிதி தருபவருக்குப் புரியும் பாஷை அது, கிழவிக்குப் புரியாது. தன் வழக்கு என்ன ஆயிற்று என்று அவளே யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு புறம், திரும்பியவரை 'அந்நியக் கை' என்று அரசுகள் முத்திரை குத்துகின்றன. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள்மேல் அப்படி முத்திரை குத்த ரஷ்யா 2012-இல் சட்டமே போட்டது. இரண்டும் எதிரெதிர்ப் பழிகள்போலத் தெரிந்தாலும் அடியில் ஒரே கேள்விதான்: நீ யாருடைய ஆள்?

அந்தக் கேள்விக்குக் கடவுச்சீட்டு பதில் சொல்லாது. விமானம் ஊரில் இறங்குவதால் ஒருவர் ஊர் திரும்பிவிட்டார் என்று ஆகாது. படிவங்களின் நிபந்தனை அங்கேதான் குறைபட்டு நிற்கிறது. எந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறார்களே தவிர, யாரிடம் திரும்ப வேண்டும் என்று எழுதவில்லை. கற்ற சட்டத்துக்கு ஊர் என்பது, வாசலில் வந்து நிற்கும் ஆள்தான். அந்த ஆள் வந்து நிற்கும் வரை எல்லாப் படிப்பும் வெளிநாட்டிலேயே இருக்கிறது.

காந்தி ஊர் திரும்பிய கதையில் இது துலக்கமாகத் தெரிகிறது. லண்டன் போக அவர் போர்பந்தர் நிர்வாகத்திடம் உதவி கேட்டார்; கிடைக்கவில்லை. அண்ணன் பணம் புரட்டி அனுப்பினார். பாரிஸ்டராகி 1891-இல் நாடு திரும்பி, பம்பாயில் முதல் வழக்கில் எழுந்து நின்றபோது வாயே திறக்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். நிபந்தனைப்படி பார்த்தால் திரும்பியாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு தென்னாப்பிரிக்கா போனார். அங்கே 1894-இல் டர்பனில் ஒரு நாள், கிழிந்த உடையோடு ஒரு தமிழர் அவர் அலுவலகத்துக்கு வந்தார். முன்பற்கள் இரண்டும் உடைந்து வாயில் ரத்தம். முண்டாசை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்கி நின்றார். பெயர் பாலசுந்தரம்; ஒப்பந்தக் கூலி; அடித்தது வெள்ளைக்கார முதலாளி. ஒப்பந்தக் கூலி வேலையை விட்டுப் போனால் அது குற்றம், சிறை. காந்தி அவரை மருத்துவரிடம் அனுப்பிச் சான்று வாங்கினார், மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். முதலாளியைத் தண்டிப்பதில் நாட்டம் காட்டாமல், பாலசுந்தரத்தை அந்தப் பிடியிலிருந்து விடுவித்து வேறோர் எஜமானிடம் மாற்றிக் கொடுத்தார். முதலில் அவர் செய்தது, முண்டாசை மறுபடி தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னது. பாலசுந்தரம் தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டார்.

பாலசுந்தரம் சொன்னது எதுவும் காந்திக்கு நேராகப் புரியவில்லை. தமிழரான குமாஸ்தாதான் கேட்டுச் சொன்னார். லண்டனில் ரோமானியச் சட்டத்தை லத்தீனிலேயே படித்தவர் காந்தி. இரண்டு ஆண்டு கழித்து, 1896-இல் இந்தியா வரும் பொங்கோலா கப்பலில், கப்பல் மருத்துவர் கொடுத்த ஒரு சுயபோதினியை வைத்துக்கொண்டு தமிழ் படித்துக்கொண்டிருந்தார்.