கசிவைக் காண்பதற்காகக் கழுவுங்கள்

பொதுக்காலம் 21ஆம் வாரம், செவ்வாய்
நற்செய்தி: மத்தேயு 23:23-26



இன்று செவ்வாய்க்கிழமை. புனித அந்தோனியார் நவநாளுக்கு வந்த உங்களில் பலர், திருப்பலிக்குப் பின் மந்திரிப்பதற்காக வண்டிகளையும் கொண்டு வந்திருக்கிறீர்கள். கார், வேன், லோடு ஆட்டோ எல்லாம் கழுவித் துடைத்து, மாலை போட்டு, கோவில் முற்றத்தில் வரிசையாக நிற்கின்றன. உழைத்துச் சோறு போடும் வண்டியை இப்படிப் பேணுவது நல்ல பழக்கம். இன்றைய நற்செய்தி நம்மை இன்னும் ஒரு படி உள்ளே அழைக்கிறது.

புதினாவிலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒரு பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர்கள் பரிசேயர்கள். நீதியையும் இரக்கத்தையும் அவர்கள் கைவிட்டார்கள். கிண்ணத்தின் வெளிப்பக்கத்தை மட்டும் துலக்குகிறீர்களே, முதலில் உள்ளே இருப்பதைச் சுத்தம் செய்யுங்கள் என்று ஆண்டவர் அவர்களைக் கண்டிக்கிறார். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பாடிக்கு வாக்ஸ் போடுகிறோம். பானெட்டைத் திறந்து பார்ப்பது எப்போது?

பானெட்டுக்கு உள்ளே என்ன நடக்கிறது? எங்கோ ஒரு கேஸ்கெட்டில் சொட்டுச் சொட்டாக ஆயில் கசிகிறது. அதன்மேல் ரோட்டுத் தூசி படிகிறது. சில மாதங்களில் கறுப்பாக, விரல் பதியும் அளவுக்குக் கெட்டியாகிவிடுகிறது. அந்தப் படலம் சூட்டை வெளியே விடாது. ரப்பர் ஹோஸை ஊறவைத்துக் கெடுக்கும். எல்லாவற்றையும்விட, எங்கே கசிகிறது என்பதையே மறைத்துவிடும். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். கசியும் ஆயில் ஒருநாள் கொதிக்கும் சைலன்சர் குழாயில் விழுந்தால் தீப்பிடிக்கவும் கூடும். நம்முடைய பாவமும் இப்படித்தான். பழகிப்போன அழுக்கு அதன் காரணத்தையே நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

அப்படியென்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிடலாமா? கூடாது. நல்ல மெக்கானிக் எப்படிக் கழுவுகிறார் என்று பாருங்கள்.

முதலில் இன்ஜினை ஆறவிடுகிறார். கையை வைத்தால் வெதுவெதுப்பு மட்டும் இருக்க வேண்டும். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். டீகிரீஸரைத் தெளித்தாலும் அழுக்கை இளக்குவதற்குள் காய்ந்துபோகும். பெற்றோரே, பிள்ளை செய்த தவறு தெரிந்த அந்த நிமிடத்திலேயே, கோபம் கொதிக்கும்போதே திருத்தப் போகாதீர்கள். திருத்த வேண்டியதுதான், சூடு ஆறட்டும்.

அடுத்து, தண்ணீர் படக்கூடாதவற்றை மூடுகிறார். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுகிறார். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டரின் வாய், பிளக்கின் மேலிருக்கும் காயில், வயரிங் கனெக்டர்கள் எல்லாவற்றையும் பாலித்தீன் பையால் சுற்றிக் கட்டுகிறார். ஆயில் மூடி, பிரேக் ஆயில் மூடி இறுக்கமாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்கிறார். பிரஷர் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் தண்ணீர் கனெக்டருக்குள் புகுந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஊசிகளில் பச்சை பூத்து, வண்டி திக்கித் திணறும். ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள் உயர் மின்னழுத்தம் ஓடும் இடம். பயிற்சி பெற்றவர் தவிர யாரும் அங்கே கை வைக்கக் கூடாது.

ஆண்டவரும் இப்படித்தான் பக்குவமாகக் கையாளுகிறார். நெரிந்த நாணலை முறிக்காத ஊழியரைப் பற்றி எசாயா முன்னறிவித்தார். மத்தேயு அதை இயேசுவில் கண்டார். ஆண்டவர் நம் உள்ளத்தைக் கழுவும்போது நம் மானத்தைக் கெடுப்பதில்லை. அதனால்தான் ஒப்புரவு அருளடையாளத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், கேட்டதைக் குரு உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது என்று திருச்சபை கட்டளையிட்டிருக்கிறது. நாமோ அன்பியக் கூட்டத்திலும் தெருமுனையிலும் அடுத்தவர் குறையைப் பேசிப் பேசியே அவரைத் திருத்திவிடலாம் என்று நினைக்கிறோம். மூட வேண்டியதை மூடாமல் கழுவினால் மிஞ்சுவது சேதம்தான்.

பிறகு மெக்கானிக் டீகிரீஸரைக் கீழிருந்து மேலாகத் தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் பிரஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, வேகமில்லாத தண்ணீரால் அலசுகிறார். சீக்கிரம் வேலை முடியும் என்று பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு பொறி போதும், உயிரே போய்விடும். ரப்பரும் உப்பிக் கெடும்.

கழுவி முடிந்தது. பைகளை அவிழ்த்து, காற்றடித்து, துணியால் ஒற்றி, நன்றாக உலர்ந்த பிறகு பேட்டரியை மாட்டி வண்டியை ஐட்லிங்கில் ஓடவிடுகிறார். நம்மில் பலர் இத்தோடு பானெட்டை மூடிவிடுவோம். நல்ல மெக்கானிக் மூடுவதில்லை. டார்ச் அடித்துக் குனிந்து பார்க்கிறார். சுத்தமான உலோகத்தில், வால்வு கவரின் ஓரத்தில், நூல் இழைபோல ஈரம் மினுங்குகிறது. விரலால் தொட்டு எடுத்து, இங்கேதான் கசிகிறது என்கிறார். கழுவியதன் பயன் அதுதான். தண்ணீர் அழுக்கை எடுக்கும், கசிவை அடைக்காது. கேஸ்கெட்டை மாற்றாவிட்டால் மறுபடி அதே அழுக்குதான்.

சகோதர சகோதரிகளே, பாவசங்கீர்த்தனத்தில் இறைவன் நம்மை முழுமையாக மன்னிக்கிறார். அதில் ஐயமே வேண்டாம். ஆனால் மன்னிப்புப் பெற்றவர் தம் கசிவைத் தேட வேண்டும். ஒவ்வொரு முறையும் கோபத்தை அறிக்கையிடுகிறேன். அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது? குடியிலிருந்தா, கடனிலிருந்தா, அண்ணன் தம்பிக்குள் தீராத சொத்துத் தகராறிலிருந்தா? இனி அந்தப் பாவத்தைச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்வது என்றால் அந்த இடத்தில் விரல் வைப்பது.

அந்தோனியார் இதைச் செய்து காட்டினார். 1231ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் பதுவை நகரில் நாள்தோறும் மறையுரையாற்றினார். திரள் திரளாக வந்தவர்களின் பாவ அறிக்கையைக் கேட்டார். மன்னிப்பு வழங்கியதோடு அவர் நிற்கவில்லை. வட்டிக்கொடுமை குடும்பங்களைச் சிறைக்கு அனுப்புவதைக் கண்டு நகர ஆட்சியாளரிடம் மன்றாடினார். தன் உடைமைகளை ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று அந்த மார்ச் மாதமே பதுவை நகரம் சட்டம் இயற்றியது. சூன் 13 அன்று அவர் இறந்தார். சாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பும் ஊரின் கசிவு எங்கே என்று பார்த்தவர் நம் பாதுகாவலர்.

இன்னும் ஒன்று. இன்ஜினைக் கழுவிய அந்தக் கறுப்புத் தண்ணீர் எங்கே போகிறது? வாய்க்காலில் விட்டால் குளத்துக்குப் போகும். குளத்திலிருந்து மாட்டுக்கும் மீனுக்கும் நமக்கும் வரும். என் வண்டியைச் சுத்தமாக்க அடுத்தவர் நீரைக் கெடுப்பது பரிசேயத்தனம்தான். எண்ணெயைப் பிரித்தெடுக்கும் தொட்டி இருக்கும் சர்வீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். அங்கே குழிக்குள் நின்று, தலையில் அழுக்குத் தண்ணீர் சொட்ட நம் வண்டியைக் கழுவும் தம்பிக்குக் கையுறை இருக்கிறதா என்று கேளுங்கள். பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவிய ஆண்டவருக்கு அந்த வேலை அந்நியமல்ல.

இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். வண்டி ஆறியிருக்கும் ஒரு காலையில் பானெட்டைத் திறந்து பாருங்கள். கசிவிருந்தால் பழுது பாருங்கள். வீட்டில் யாரையாவது திருத்த வேண்டியிருந்தால் தனியாக அழைத்துப் பேசுங்கள். சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள். வருமுன் உங்கள் கசிவு எதுவென்று ஒன்றையாவது கண்டுபிடித்து வாருங்கள். உள்ளத்தைச் சுத்தமாக்கும் ஆண்டவர் அதைச் சரிசெய்யும் மனவலிமையையும் நமக்குத் தருவாராக!

ஆமென்.