அடைப்பும் அருளும்: இதயத்தின் துணை நாளங்கள் எழுப்பும் கேள்வி

இதயத் தமனிகளில் அடைப்பு மெல்லக் கூடிவரும்போது, அடைபட்ட பகுதிக்கு வேறு வழியாக இரத்தம் சேர்க்கும் துணை நாளங்கள் பெருகுகின்றன. மருத்துவர்கள் கொலாட்டரல் என்று குறிப்பிடும் இவை எவ்வளவு வளரும் என்பதைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது அடைப்பின் கடுமை. லேசான அடைப்பு இருக்கும்போது இவை பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தமனி மிகவும் குறுகிய பிறகு தென்படத் தொடங்குகின்றன. நெடுநாளாக முழுவதும் அடைபட்டுக் கிடக்கும் தமனியில் ஏறத்தாழ எல்லோரிடமும் காணப்படுகின்றன. நோய் முற்றுவதும் நோய்க்கான காப்பு வளர்வதும் ஒருசேர நடக்கின்றன. சமயமும் தத்துவமும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இரண்டு கேள்விகள் இங்கே சந்திக்கின்றன: உடலின் செயல்களுக்கு நோக்கம் உண்டா? துன்பத்துக்குள் அருள் இருக்கிறதா?

ஆஞ்சியோகிராம் திரையில் இந்த நாளங்களை நேராகவே பார்க்கலாம். வலது தமனி தொடக்கத்திலேயே அடைபட்டிருந்தால், அதில் செலுத்திய சாயம் மேலே நகராமல் நின்றுவிடும். அடுத்து இடது தமனிக்குள் சாயம் செலுத்தப்படும். இடப்பக்கக் கிளைகள் கறுத்துத் தெரிந்த சில நொடிகளில், இதயத்தின் இடைச்சுவர் வழியாகச் சுருள்சுருளாக மெல்லிய இழைகள் தோன்றும். அவற்றின் வழியே வலது தமனியின் கடைப்பகுதி பின்னோக்கி நிரம்பும். 1985-இல் ரென்ட்ராப் வகுத்த அளவுகோல் இதைப் பூச்சியம் முதல் மூன்று வரை தரப்படுத்துகிறது. மூன்றாம் தரம் என்றால், அடைப்புக்கு அப்பால் உள்ள முதன்மைக் குழாய் முழுவதும் நிரம்பிவிட்டது என்று பொருள். தனக்கு இரத்தம் தந்த தமனி அடியோடு அடைந்துபோன பிறகும் அந்தத் தசை சுருங்கி விரிந்துகொண்டிருப்பதுண்டு. யாரோ முன்கூட்டியே யோசித்துச் செய்துவைத்த ஏற்பாடு என்று பார்ப்பவருக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை.

அந்தத் தோற்றத்தைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே கோட்பாடாக வளர்த்தவர் கிரேக்க மருத்துவர் கேலன். உறுப்புகளின் பயனைப் பற்றி அவர் எழுதிய 17 பாக நூல், உடலின் ஒவ்வொரு பகுதியும் அதனதன் வேலைக்கு மிகப் பொருத்தமாக அமைந்திருப்பதாக வாதிடுகிறது. படைத்தவனுக்குத் தான் பாடும் துதி என்றே அந்த நூலை அவர் கருதினார். இதய நாளங்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதையோ வெகுகாலம் கழித்து, 1669-இல் ரிச்சர்ட் லோயர் பதிவு செய்தார். ஒரு தமனியில் செலுத்திய திரவம் மற்றதற்கும் பரவியதை அவர் கண்டிருந்தார். 1881-இல் கோன்ஹைம், நாய்களில் செய்த சோதனைகளைக் கொண்டு, இதயத் தமனிகளுக்குப் பயன்படும் இணைப்பே இல்லை என்றார். 1960-களில் ஃபுல்டன் செய்த ஆய்வுகளுக்குப் பிறகே, நோயில்லாத மனித இதயத்திலும் நுண்ணிய இணைப்புகள் உண்டு என்பது ஐயமின்றி நிலைபெற்றது.

ஏற்கெனவே உள்ள அந்த இணைப்புகள் பெருநாளங்களாக மாறும் விதத்தில்தான் நோக்கம் பற்றிய கேள்விக்கு விடை தேட வேண்டும். தமனி குறுகும்போது அடைப்புக்கு அப்பால் இரத்த அழுத்தம் விழுகிறது. இணைப்பின் ஒரு முனையில் அழுத்தம் கூடுதல், மறுமுனையில் குறைவு என்றாகிவிடுவதால், அதுவரை மந்தமாக இருந்த ஓட்டம் விரைகிறது. விரையும் இரத்தம் உட்சுவரை உராய்கிறது. உராய்வை உணரும் உட்சுவர்ச் செல்கள் மோனோசைட் என்னும் வெள்ளணுக்களை ஈர்க்கின்றன. அவை சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளால் சுவரின் தசைச் செல்கள் பெருகி, சில வாரங்களில் நாளம் விரிவடைகிறது. குழாயின் ஆரம் இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் 16 மடங்காகும். எனவே சிறு வளர்ச்சியும் பெரும் பயன் தருகிறது.

வளர்ச்சி நிற்கும் விதம் இன்னும் முக்கியமானது. நாளம் அகன்றதும் உராய்வு குறைகிறது, அதோடு வளர்ச்சியும் நின்றுவிடுகிறது. தசைக்கு வேண்டிய இரத்தம் முழுவதும் கிடைத்துவிட்டதா என்பதை அந்தச் சுவர் அறியாது. அதனால்தான் நன்கு வளர்ந்த துணை நாளங்களும் ஓய்வுநேரத் தேவையைத் தீர்த்து, மாடிப்படி ஏறும்போது தோற்றுப்போகின்றன. தேவைக்காகவே நடக்கும் செயலாக இருந்தால் தேவை தீருமுன் நிற்காது. உயிர்களை ஆராயும்போது நோக்கம் என்ற எண்ணம் நமக்கு வழிகாட்டலாம், ஆனால் இயற்கைக்குள் நோக்கம் இருப்பதாக அதைக்கொண்டு நிறுவ முடியாது என்று 1790-இல் தத்துவஞானி கான்ட் சொன்னது இந்த நாளங்களுக்கு அப்படியே பொருந்துகிறது.

விலங்குகளை ஒப்பிட்டால் கேலனின் வாதம் மேலும் தளர்கிறது. கினிப்பன்றியின் இதயத்தில் இணைப்புகள் அவ்வளவு செழிப்பாக இருப்பதால், ஒரு தமனியைக் கட்டினாலும் தசை சாவதில்லை. பன்றிக்கோ பயன்படும் இணைப்பு ஏறக்குறைய இல்லை. நாய் இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. இதய நோயால் பெருமளவில் மடியும் மனித இனத்துக்கு இந்தக் கொடை ஆளுக்கு ஆள் மாறுகிறது. தமனிகள் சீராக உள்ளவர்களில் நான்கைந்து பேரில் ஒருவருக்கு மட்டுமே, ஒரு தமனியைச் சற்று நேரம் பலூனால் அடைத்தாலும் தாங்கும் அளவுக்கு இணைப்புகள் இருக்கின்றன. எலிகளில் இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி ஒரே மரபணுவின் மாற்றத்தைச் சார்ந்தது என்றும் தெரியவந்திருக்கிறது.

இயக்கம் விளங்கிவிட்டதாலேயே இறைவன் விலகிவிடுவதில்லை. சைவ சித்தாந்தம் மாயையை முதற்காரணமாகவும் (மூலப்பொருள்) இறைவனை நிமித்த காரணமாகவும் (செய்பவன்) வைக்கிறது. அழுத்தமும் உராய்வும் மாயையின் பக்கம் நிற்பவை என்று அதைப் பின்பற்றுபவர் எளிதில் சொல்லலாம். அருளை, இதமாகக் காட்டும் அறக்கருணை, தண்டித்துத் திருத்தும் மறக்கருணை என இரண்டாகப் பிரிப்பதும் அந்த மரபே. பெற்றோர் பிள்ளையை அடிப்பதும் பரிவே என்று சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் விளக்குகிறார். அடைப்பே துணை நாளத்தை வளர்க்கிறது என்ற செய்தி இந்தக் கருத்துக்குச் சான்றுபோலத் தோன்றும். 12 ஆய்வுகளில் 6,529 பேரின் விவரங்களைத் தொகுத்து 2012-இல் வெளியான பகுப்பாய்வு, துணை நாளங்கள் நன்கு வளர்ந்தவர்களிடம் இறப்பு ஏறத்தாழ 36 சதவீதம் குறைவு என்றும் காட்டியது.

ஆயினும் அந்தச் சான்றை ஏற்பதற்கு இரண்டு தடைகள் உண்டு. பல மாரடைப்புகள் கடுமையாகக் குறுகிய இடத்தில் நேர்வதில்லை. பாதி அளவுகூட அடைபடாத இடத்தில் கொழுப்புப் படிவு திடீரென வெடித்து, இரத்தம் உறைந்து, வழி மூடிக்கொள்கிறது. அங்கே துணை நாளம் வளர நேரமே கிடைப்பதில்லை. மெல்ல வரும் நோய் காப்பைத் தருகிறது, திடீரென வரும் நோய் தருவதில்லை. இந்த வேறுபாட்டில் நோயாளியின் தகுதிக்கோ பக்குவத்துக்கோ இடமில்லை. அடுத்தது, முழு அடைப்போடும் நல்ல துணை நாளங்களோடும் ஆஞ்சியோகிராம் மேசைக்கு வருபவர் பிழைத்தவர். நாளம் வளராமல் வீட்டிலேயே இறந்தவர் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. பிழைத்தவர்களை மட்டும் பார்த்துத் துன்பம் வலிமை தரும் என்று பொதுவிதி வகுப்பது பிழை.

தகுதியோ அறிவோ இந்தக் காப்பை வாங்கித் தருவதில்லை என்பதற்கு அறுவை மருத்துவர் ஜான் ஹன்டரின் வாழ்க்கை உதாரணம். 1785-இல் லண்டனில், முழங்காலுக்குப் பின்னால் தமனி வீங்கியிருந்த ஒரு வண்டியோட்டியின் தொடைத் தமனியை அவர் கட்டினார். துணை நாளங்கள் காலைக் காக்கும் என்று நம்பினார். கால் பிழைத்தது. அதே ஹன்டர் நெஞ்சு வலியால் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டு 1793-இல் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய இதயத் தமனிகள் எலும்புபோல் இறுகியிருந்தன. துணை நாளங்கள் பற்றிய அந்த ஞானம் அவர் இதயத்துக்குச் சலுகை வாங்கித் தரவில்லை. துணை நாளம் வளராததை வினையின் கணக்கில் எழுதினால், நோயோடு குற்றவுணர்வையும் நோயாளி சுமக்க நேரும். மறக்கருணை என்ற கோட்பாட்டைக் காக்க விரும்புபவரும் அந்தக் கொடுமையை விரும்பமாட்டார்.

மனித முயற்சிக்கு இதில் இடமுண்டு. நெஞ்சு வலியை முதன்முதலில் விரிவாக விவரித்த வில்லியம் ஹெபர்டன், தினமும் அரைமணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறையக் குணமான ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். மருத்துவரின் மேற்பார்வையில் செய்யும் உடற்பயிற்சி துணை நாள ஓட்டத்தைக் கூட்டக்கூடும் என்று இக்கால அளவீடுகளும் காட்டுகின்றன. பிழைத்தவர் இறைவனுக்கு நன்றி சொல்வதில் தவறேதும் இல்லை. ஆனால் ஒருவருடைய ஆஞ்சியோகிராமைப் பார்த்து இறைவனின் எண்ணத்தைப் படித்துச் சொல்ல எந்தச் சமயத்தாலும் முடியாது.