ஷிப்ட் விடும் நேரத்துக் குறுஞ்செய்தி

சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 537 ஆண்கள், வேலைக்குப் போகிறவர்கள். சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் ஒரு பாதிக்கு வழக்கமான ஆலோசனை மட்டும் தந்தார்கள். மறுபாதிக்குச் சாப்பாடு, நடை பற்றிய குறுஞ்செய்திகளும் தொடர்ந்து போயின. அவரவர் மனநிலைக்கு ஏற்ற வாசகம். இரண்டு ஆண்டுகளில் நோய் வந்தவர்கள் முதல் பிரிவில் 27 சதவீதம், அடுத்ததில் 18. முடிவு 2013-இல் லான்செட் குழும இதழொன்றில் வெளியானது.

ஸ்மார்ட்போன்கூடத் தேவைப்படவில்லை!

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் பயிற்சி பெறும் டிப்ளமோ மாணவர்களுக்கும் இதை முயன்று பார்க்கலாம். இரண்டாவது ஷிப்ட் முடித்து, நள்ளிரவில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே பரோட்டாக் கடை. அறைக்குப் போனால் குளிர்பான பாட்டில். காலையில் அரைத் தூக்கத்தில் அரைமணி நேர உபதேசக் காணொளியை யார் பார்ப்பார்கள்? பஸ்ஸில் இருக்கும்போதே இரண்டு வரி வந்தால், நாலு பரோட்டா இரண்டாகக் குறைய வாய்ப்புண்டு. சால்னா எப்படியும் இரண்டு கரண்டிதான்.