உறுப்பு மாறிய பின்னும் அதே ரிசீவரா?

வால்வு காலத்துக் கம்யூனிகேஷன் ரிசீவர் என்ற வானொலிப் பெட்டி பாட்டுக் கேட்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. கப்பலிலும் ராணுவ முகாமிலும் இருந்துகொண்டு, இரைச்சலுக்கு நடுவே மங்கலாக வரும் மோர்ஸ் ஒலியைப் பிரித்தெடுப்பதே அதன் வேலை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் தயாரித்த ஏ.ஆர்.88இல் 14 வால்வுகள், ஆறு பேண்டுகள். எடை ஏறக்குறைய 45 கிலோ. போர் முடிந்ததும் இத்தகைய ரிசீவர்கள் உபரிச் சரக்காக விலைபோயின. பல நாடுகளில் ஹாம் வானொலிக்காரர்கள் அவற்றை வாங்கிப் பயன்படுத்தினார்கள். இன்று சேகரிப்பவர்கள் தேடுவதும் அவற்றைத்தான்.

எண்பது வயதான ரிசீவருக்கு நேராக மின்சாரம் கொடுத்தால் அது போய்விடலாம். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு முன்னால் இருக்கும் காகிதக் கண்டென்சர் ஈரம் வாங்கிக் கசிந்திருக்கும். கசிவு வழியாகக் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறும், வால்வு சிவக்கும், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகும். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் உலர்ந்திருக்கும், கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு ஏறியிருக்கும், வயரின் ரப்பர் உறை தொட்டாலே உதிரும். வால்வுகளோ எப்போதும் தேய்மானப் பொருள்தான். இத்தனையையும் மாற்றிய பிறகு மேசைமேல் இருப்பது அந்தப் பழைய ரிசீவர்தானா?

கேள்வி பழையது. மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டி வாதிட்டார்: சக்கரம் தேரல்ல, அச்சு தேரல்ல, நுகம் தேரல்ல, சேர்க்கைக்கு வழங்கும் பெயர்தான் தேர். பின்வந்த பௌத்தர்கள் பொருள் கணந்தோறும் அழிந்து பிறக்கிறது என்றார்கள். கண்டென்சரைத் தொடாவிட்டாலும் நேற்றைய ரிசீவர் இன்றில்லை என்றாகிறது. இதை நியாய-வைசேடிகர் மறுத்தார்கள். முழுமை என்பது உறுப்புகளிலிருந்து வேறான உண்மைப் பொருள் என்றார்கள். ஆனால் ஓர் உறுப்பு நீங்கினாலும் பழைய முழுமை அழிந்து புதியது தோன்றும் என்றும் அவர்களே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் வேறு ரிசீவர். எதிரெதிர்க் கட்சிகள் இரண்டும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பது வேடிக்கைதான்.

மூன்றாவது விடை சமணருடையது; அது தமிழ்நாட்டிலும் வேரூன்றியது. கடலூரிலுள்ள திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் சமணக் கல்விக்குப் பேர்போனது. சர்வநந்தியின் லோகவிபாகம் என்ற நூல் கி.பி. 458இல் அங்கே எழுதப்பட்டது. அப்பர் சமணத் துறவி தருமசேனராக இருந்ததும் அங்கேதான். தோன்றுவதும் அழிவதும் நிலைத்திருப்பதும் ஒரே பொருளுக்குச் சேர்ந்தே உண்டு என்பது சமணர் கொள்கை. பௌத்தரின் கணபங்க வாதத்தை எதிர்த்துச் சமணக் காப்பியமான நீலகேசி தமிழில் வாதாடுவதும் இந்தத் தரப்பிலிருந்துதான். மாற்றமும் நிலைபேறும் பகையல்ல என்பது இதனால் தெளிவாகிறது. எந்த மாற்றம் பொறுக்கத்தக்கது, எது பொறுக்கத்தகாதது என்பது மட்டும் தெளிவாகவில்லை.

வேலை தொடர்ந்தால் பொருளும் தொடர்கிறது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பழுப்பு நிலக்கரிச் சுரங்க நகரமான நெய்வேலி அதை ஒப்புக்கொள்ளாது. அங்கே முதல் அனல்மின் நிலையம் 1962இல் உற்பத்தியைத் தொடங்கி, 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020இல் மூடப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த 1,000 மெகாவாட் நிலையமும் அதே பழுப்பு நிலக்கரியை எரித்து அதே மின்சாரத்தைத்தான் தருகிறது. ஆனாலும் இரண்டும் ஒன்று என்று டவுன்ஷிப்பில் யாரும் சொல்லமாட்டார்கள். சுரங்கத்தில் மண்ணை வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரத்துக்கோ பல்லும் வாளியும் பெல்ட்டும் தேயத் தேய மாற்றப்படுகின்றன; அது அதே இயந்திரம்தான். பழைய பெட்டிக்குள் டிரான்சிஸ்டர் போர்டை வைத்து அதே ஸ்டேஷனைக் கேட்பவர் செய்திருப்பது புதிய மின்நிலையத்தின் வகை. கண்டென்சரை மாற்றியவர் செய்திருப்பது சக்கரத்துப் பல்லின் வகை.

இந்த எல்லைக்கோட்டை நுட்பமாக வரைந்தவர்கள் ஆகமக்காரர்கள். பழுதான கோயிலைப் புதுப்பிக்கும்போது பாலாலயம் அமைத்து, மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, திருப்பணி முடிந்ததும் குடமுழுக்கு செய்கிறார்கள். பின்னமான திருமேனியின் உறுப்புகளுக்கு அங்கம், உபாங்கம், பிரத்தியங்கம் என்ற வரிசை உண்டு. சிறு உறுப்பின் பழுதைச் சரிசெய்யலாம், பேருறுப்பு போனால் திருமேனியையே மாற்ற வேண்டும். ரிசீவருக்கு இந்த வரிசை அழகாகப் பொருந்துகிறது. கண்டென்சரும் ரெசிஸ்டரும் வால்வும் பிரத்தியங்கம். காயில்கள், கேங் கண்டென்சர், டயல் பல்சக்கரங்கள், சேஸி ஆகியவை அங்கம். ரிசீவர் எந்த அலைவரிசையை எப்படிப் பிரித்துக் கேட்கும் என்பதை அவையே தீர்மானிக்கின்றன.

இனி ஒளிவுமறைவு பற்றிய கேள்வி. சிலர் பழைய கண்டென்சரின் மெழுகுக் குழாயை லேசாகச் சூடுகாட்டி, உள்ளேயிருக்கும் தகட்டுச் சுருளைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் மஞ்சள் நிறப் பாலியெஸ்டர் கண்டென்சரைச் செருகி, இரு முனையையும் மறுபடி மெழுகால் அடைத்துவிடுவார்கள். வெளியே 1940களின் லேபிள், உள்ளே நேற்று வாங்கிய சரக்கு. இதைப் பொய் என்பது மிகை. மாற்றியதை எழுதிச் சேஸிக்குள் ஒட்டியிருந்தால் அது கைத்திறன். எழுதாமல் விற்றால் ஏமாற்று. முன்பலகையைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிப்பதோ கண்டென்சர் மாற்றுவதைவிடப் பெரிய இழப்பு, ஏனென்றால் பழைய கைகள் தேய்த்த தடம் அதோடு போய்விடுகிறது.

ஆகமத்தில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. சுயம்பு மூர்த்தி பின்னமானாலும் அகற்றப்படுவதில்லை. அதன் பெருமை தானே தோன்றியதில் இருக்கிறது, முழுமையில் அல்ல. இன்ன கப்பலில், இன்ன நிலையத்தில் இருந்தது என்று ஆதாரத்தோடு தெரிந்து, உள்ளே யார் கையும் படாமல் மிஞ்சியிருக்கும் ரிசீவர் இந்த வகை. அதற்கு மின்சாரமே கொடுக்காமல் தூசி தட்டி, ஈரம் படாமல் வைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அது பேசாவிட்டால் குறையில்லை. அதே மாடலில் பேசுகிற ரிசீவர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.