தொலைவில் மருத்துவர், அருகில் வாய்மை

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்று தானங்களை நான்காக வகுத்தனர் நம் முன்னோர். இவற்றுள் ஔடத தானம் ஒருநாள் கொடுத்து ஓய்வதன்று என்பதை நீரிழிவும் இரத்த அழுத்தமும் நமக்கு உணர்த்துகின்றன. இவை வந்து நீங்கும் நோய்கள் அல்ல; வாழ்நாள் முழுதும் உடன் வருபவை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய தறி ஓடாது, கூலியும் இல்லை. ஆதலின் மாத்திரை தீர்ந்த பின்னும் நாட்களைத் தள்ளுவார். இத்தகையோரின் இல்லம் தேடிச் சென்று, பரிசோதித்து மருந்து வழங்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதற்கு முன்பே, 2020 மார்ச்சில், தொலைபேசி வழியாகவும் காணொளி வழியாகவும் மருத்துவம் செய்வதற்கான நெறிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டிருந்தது. தொலைவு சுருங்கிற்று, நன்றே.

எனினும் இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. நேரில் அமர்ந்த மருத்துவர் நாம் மறைப்பதையும் கண்டுகொள்வார். தொலைவிலிருப்பவருக்கோ நம் சொல்லே கண். “மாத்திரையைத் தவறாமல் உட்கொள்கிறேன்” என்று ஒருவர் பொய் கூறினால், மருந்து போதவில்லையென எண்ணி அவர் அளவைக் கூட்டக்கூடும். அவ்வளவையும் ஒருநாள் முறையாக உட்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரலாம். பொய் அங்கே தன்னுயிர்க்கே இழைக்கும் இம்சையாகிறது.

குழித்தறியின் மிதியை நாளெல்லாம் மிதிக்கும் பாதங்களையும் நினையுங்கள். நீரிழிவால் உணர்ச்சி குன்றிய பாதத்தில் புண் வந்தாலும் வலி தோன்றாது. காணொளியில் முகம் தெரியும். குழிக்குள் இருக்கும் பாதம் தெரியாது. யாரேனும் குனிந்து பார்த்துக் காட்ட வேண்டும்.

நோயாளி ஏன் மறைக்கிறார்? பெரும்பாலும் கடிந்துரைக்கு அஞ்சியே. ஆகவே வாய்மை அவருக்கு மட்டும் உரிய கடமையன்று. அவர் அஞ்சாது உண்மை சொல்லும்படி இன்சொல்லால் கேட்பது மருத்துவருக்கும் மக்களுக்கும் கடமை. மார்பு வலி, மூச்சுத் திணறல் போன்றவை நேரின் தொலைபேசியை நம்பிக் காத்திராது உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அக்கடமையில் அடங்கும்.

மருந்து எவ்வளவு தொலைவிலிருந்தும் வரலாம். தந்தையின் பாதத்தைக் குனிந்து பார்க்கும் கண் மட்டும் வீட்டிலிருந்தே வர வேண்டும். அதுவும் ஔடத தானமே. அச்சமின்றி அவரைப் பேசவைப்பதோ அபய தானம்.